பொங்கல் முடிந்ததும் சூளைக்குப் போய்விடும் பதினோரு பிள்ளைகள்: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக நான் என்ன செய்யலாம்?

மல்லிகைப்பந்தல் | 13 அக்டோபர் 2024, இரவு 9.40

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில், பஸ் நாளைக்கு நான்கு முறை மட்டும் வந்துபோகும் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இருப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரை 58 பிள்ளைகள், ஒரு தலைமையாசிரியர், ஓர் ஆசிரியை. என் மகள் அங்கே நான்காம் வகுப்புப் படிக்கிறாள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன்.

இந்த ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். மொத்தம் 24 பேர். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், அதில் பெண்கள்தான் அதிகம். இந்த முறை முன்னாள் மாணவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். தலைவி யார் என்ற பேச்சு வந்தபோது, "உனக்குத்தான் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும், நீயே இரு" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒப்புக்கொண்டேன். மனதார ஒப்புக்கொண்டேன்.

இதுவரை நடந்த கூட்டங்களைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி. முதல் கூட்டத்துக்கு 13 பேர், அடுத்ததற்கு 7 பேர், போன மாதம் 5 பேர். அந்த நேரத்தில் பாதிப் பேர் களை எடுப்பில் இருப்பார்கள், மீதிப் பேர் நூறு நாள் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிக்கொண்டிருப்பார்கள். வராதவர்களின் வீட்டுக்குத் தீர்மானப் புத்தகம் போய்க் கையெழுத்தோடு திரும்பி வருகிறது. தலைமையாசிரியர் நல்ல மனிதர். கழிப்பறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவரில் விரிசல், சத்துணவுக் கூடத்துக்கு ஒரு கதவு என்று எழுதி அனுப்புகிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் என்னை உறுத்துவது வேறு.

எங்கள் ஊரிலிருந்து பொங்கல் முடிந்ததும் ஏழு குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். திருவள்ளூர் பக்கம். மழை பிடிக்கும்வரை திரும்ப மாட்டார்கள். அந்த ஏழு வீட்டில் நம் பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேர்.

என் மகளோடு படிக்கும் ஒரு பையன். மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படித்தவன். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்களே, அதில் அவன் மலர், மேல் நிலை. கூட்டத்துக்குப் போன நாளில் ஆசிரியை அவனுடைய தமிழ் நோட்டை எடுத்துக் காட்டினார். அவன் சூளைக்குப் போன பிறகு அதை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ஒரு பக்கத்தில் 10.1.2024 என்று தேதி, கீழே அழகான கையெழுத்தில் ஏழு வரி. அடுத்த பக்கத்தில் 11.6.2024. அதே பையன், அதே நோட்டு. எழுத்தெல்லாம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, "வெள்ளம்" என்ற சொல்லில் ள வரும் இடத்தில் எல்லாம் ல. இப்போது அவனை மறுபடி அரும்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு தேதிக்கும் நடுவே ஒரு வெற்றுப் பக்கம்கூட இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

என் மகள் அந்த ஐந்து மாதமும் பள்ளிக்குப் போனாள். அவனும் போயிருக்க வேண்டியவன்தானே.

இரண்டு கேள்விகள். பெற்றோரை உண்மையாகவே கூட்டத்துக்கு வரவைப்பது எப்படி? இந்தப் பதினோரு பேருக்குக் குழுவாக நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா? அவர்களுடைய அப்பா அம்மாவிடம் "போகாதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகாவிட்டால் அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரும்பலகை | 14 அக்டோபர் 2024, காலை 6.15

மகளே, நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. தருமபுரிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் 33 ஆண்டுகள் வேலை செய்தேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த நோட்டைப் பத்திரப்படுத்திய ஆசிரியை கிடைத்திருக்கிறாரே, அதுவே பெரிய பலம். அவரை உன்னோடு வைத்துக்கொள்.

முதலில் கூட்டத்தைப் பற்றி. பிற்பகல் 3 மணிக்குக் கூலிக்காரர்கள் வர மாட்டார்கள். வரச் சொல்வதும் நியாயமில்லை, அரை நாள் கூலி போய்விடும். நான் வேலையில் இருந்தபோது பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு மாற்றினேன். பள்ளியிலும் வைக்கவில்லை, மாரியம்மன் கோயில் திடலில் வைத்தேன். பள்ளிக்குள் கால் வைக்கவே சிலருக்குத் தயக்கம். தாங்கள் படிக்காதவர்கள், உள்ளே போனால் ஏதாவது கேட்டுவிடுவார்கள், பதில் தெரியாது என்ற பயம். அந்தப் பயத்தை நாம் குறைவாக எடை போடக் கூடாது. "அக்கறையில்லாத பெற்றோர்" என்று நம் ஆசிரியர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அக்கறை இல்லாதவர்களை நான் அந்த 33 ஆண்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். அரசு சொல்லும் நாளில் கூட்டத்தை நடத்திக்கொள்ளுங்கள், பதிவேட்டுக்கு அது வேண்டும். அதற்கு முந்தின நாள் இரவு ஊருக்குள் இன்னொன்று நடத்துங்கள். உண்மையான பேச்சு அங்கே நடக்கும்.

இரண்டாவது, கூட்டத்துக்கு வருபவர்களுக்குத் தங்கள் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்க வேண்டும். சுற்றுச்சுவரைப் பற்றிக் கேட்க யார் இரவு ஏழு மணிக்கு வருவார்? நான் செய்தது இதுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் நான்கு பிள்ளைகள் தங்கள் அம்மாவின் முன்னால் எதையாவது படித்துக் காட்ட வேண்டும். பாடப்புத்தகம் வேண்டாம், வீட்டில் இருக்கும் காகிதம். ஒருத்தி மின்கட்டண அட்டையைக் கொண்டுவருவாள், ஒருவன் கல்யாணப் பத்திரிகை. ஒரு பையன் அம்மாவின் நூறு நாள் வேலை அட்டையைப் படித்தான். எத்தனை நாள் பதிந்திருக்கிறது என்று அவன் விரல் வைத்துக் கூட்டிச் சொன்னபோது, அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் விடவில்லை.

மூன்றாவது, வீட்டுக்குப் போ. தலைமையாசிரியரையும் ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு போ. குறை சொல்லப் போகிற முதல் நாளாக அது இருக்கக் கூடாது. "உன் பையன் இன்று தானாகவே ஒரு கணக்குப் போட்டான், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தோம்" என்று திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடு. இரண்டாம் முறை போகும்போது எதையும் பேசலாம்.

ஊர் பள்ளிக்குக் கைகொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கியது. எங்கள் ஊரிலும் பிறகு அப்படியொன்று நடந்ததாம். என் அப்பா தலையில் மரக் கரும்பலகையைச் சுமந்துகொண்டு மேளத்தோடு பள்ளிக்குப் போன கதையை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். இப்போதும் பல ஊர்களில் தட்டுத் தாம்பாளத்தோடு கல்விச் சீர் கொண்டுபோகிறார்கள். மின்விசிறி, பீரோ, பாய், தண்ணீர்க் குடம் என்று வரிசையாகப் போவதைப் பார்த்தால் கண் நிறையும். ஆனால் ஒன்று சொல்வேன். பொருள் கொடுப்பது ஒரு நாள் வேலை. பீரோ கொடுத்த ஊருக்கு, அந்தப் பீரோவில் பூட்டிக் கிடக்கும் நோட்டு யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். நீ அதைத்தான் கேட்டிருக்கிறாய்.

சூளைக்குப் போகும் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. எங்கள் பக்கத்தில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள், அது வேறு மாதிரி. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

நேர்வழி | 14 அக்டோபர் 2024, பிற்பகல் 1.20

சகோதரி, உங்கள் மனது புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இதையெல்லாம் ஊர் மக்கள் தலையில் வைப்பது தவறு. முன்பணத்தைக் கொடுத்துக் குடும்பத்தையே கட்டிப்போடும் முறை இருக்கும்வரை, கோயில் திடலில் கூட்டம் போட்டு என்ன ஆகும்? அது தொழிலாளர் துறையும் அரசும் செய்ய வேண்டிய வேலை. ஏழைத் தாய்மார்களைக் கூட்டிவைத்து "உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

எனவே குழுவின் அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21இன்படி அமைந்தது உங்கள் குழு. பிரிவு 22 பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை நீங்கள்தான் தயாரிக்க வேண்டும் என்கிறது. அரசு ஒதுக்கும் நிதிக்கு அந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிழைப்புக்காக இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதி நடத்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடம் இருக்கிறது. பதினோரு பிள்ளைகளின் பெயர், வகுப்பு, போகும் மாதம், திரும்பும் மாதம் எல்லாவற்றையும் எழுதித் தீர்மானமாகப் போடுங்கள். பக்கத்து ஊர்களிலும் இதே நிலைதான் இருக்கும். நான்கு பள்ளிகளின் குழுக்கள் சேர்ந்து கேட்டால் வட்டார அளவில் ஒரு விடுதி கேட்கலாம். கிராமசபையிலும் அதே தீர்மானத்தை வையுங்கள். கேட்டதற்கு ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

---

செம்மண் | 14 அக்டோபர் 2024, இரவு 10.55

அக்கா, நான் சூளைக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் அப்பா அம்மா பதினான்கு பருவம் செங்கல் அறுத்தார்கள். நான் ஐ.டி.ஐ. முடித்து இப்போது சென்னையில் ஒரு பணிமனையில் இருக்கிறேன். என் தம்பி இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இரண்டு பேருக்கும் அறிவில் ஒரு குறையும் இல்லை. நான் பாட்டியிடம் இருந்தேன், அவன் அம்மாவோடு போனான். அவ்வளவுதான்.

நேர்வழி அண்ணன் சொல்வது சரி. அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும், நீங்கள் தீர்மானம் போடுங்கள். ஆனால் விடுதி வரும்வரை இந்தப் பொங்கல் காத்திருக்காது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொங்கல் சமயத்தில் போய்ப் பேசாதீர்கள் அக்கா. அப்போது எல்லாம் முடிந்திருக்கும். சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி தீபாவளிச் செலவுக்கு வந்து முன்பணம் கொடுப்பார். அந்தப் பணத்தை வாங்கும்போதே, எத்தனை பேர் வருகிறோம், பிள்ளைகள் வருகிறார்களா என்பதெல்லாம் பேச்சில் வந்துவிடும். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஜோடி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மண் மிதிப்பார்கள். பிள்ளை இருந்தால் காய்ந்த கல்லைத் திருப்பிப் போடும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும். யாரும் பிள்ளையை வேலைக்கென்று கூட்டிப்போவதில்லை. விட்டுவிட்டுப் போக இடம் இல்லாததால் கூட்டிப்போகிறார்கள். போன இடத்தில் அது வேலையாகிவிடுகிறது. தீபாவளி 31ஆம் தேதி. உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இப்போதே போய்ப் பேசுங்கள்.

என்ன பேசுவது? "பிள்ளையை அனுப்பாதே" என்று மட்டும் சொன்னால் அம்மாவுக்கு ஒரே கேள்விதான் வரும்: சோறு யார் போடுவார்?  எனக்கு மதியம் சத்துணவு, மற்ற இரண்டு வேளையும் பாட்டியின் கூலியில்தான். இப்போது அப்படி இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளியிலும் காலை உணவு வந்துவிட்டது. மதியம் சத்துணவு இருக்கிறது. பள்ளி நாளில் மிச்சம் இருப்பது இராச் சோறு ஒன்றுதான். இதை அந்த அம்மாக்களிடம் இப்படியே எண்ணிச் சொல்லுங்கள். நான் எங்கள் சித்தியிடம் இப்படிச் சொன்னபோதுதான் அவள் யோசிக்கவே ஆரம்பித்தாள்.

இன்னும் இரண்டு சங்கதி. ஒன்று, ரேஷன் அட்டை. பிள்ளை பாட்டியிடம் இருக்கும், அட்டையில் பாட்டி பெயர் இருக்காது. கடையில் விரல் வைக்க ஆள் இல்லாமல் அரிசி வாங்க முடியாது. யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப்போகிறார்களோ அவர்கள் பெயர் அட்டையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இல்லாவிட்டால் சேர்க்க மனு கொடுங்கள். இரண்டு, சூளையில் வாராவாரம் செலவுப் பணம் கொடுப்பார்கள். அதில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பும்படி இப்போதே பேசி வைத்துக்கொண்டால் பாட்டிக்குப் பாரம் இல்லை.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் பேச வையுங்கள். எனக்கு அது இல்லை. நான் படித்தேன், ஆனால் அந்த ஐந்து மாதமும் ஒவ்வோர் ஆண்டும் எப்படி இருந்தது என்பதை இன்னும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாட்டி படுத்தபிறகு அம்மாவின் பழைய புடவையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுப்பேன். பொங்கலுக்கு அடுத்த வாரம் அதில் அம்மா வாசனை இருக்கும். மாசி மாதத்தோடு போய்விடும்.

---

ஆறாவது மணி | 15 அக்டோபர் 2024, இரவு 8.10

திருவள்ளூர் மாவட்டத்தில், சூளைகள் இருக்கும் பகுதியில் ஆசிரியராக இருக்கிறேன். மறு கரையிலிருந்து ஒரு செய்தி.

எப்படியும் சில பிள்ளைகள் வரத்தான் வருவார்கள். அவர்களை வெறும் கையோடு அனுப்பாதீர்கள். ஜனவரி கடைசியில் எங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்கும் பிள்ளைக்குத் தன் வகுப்பு தெரியும், ஊர் தெரியும், பள்ளியின் முழுப் பெயர் தெரியாது. எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும் எண், இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் தேடித் தேடி ஒரு வாரம் போகும். அதற்குள் அந்தப் பிள்ளை வருவதை நிறுத்திவிடும். ஒரு சிறு அட்டையில் பெயர், வகுப்பு, எமிஸ் எண், பள்ளியின் பெயர், தலைமையாசிரியரின் கைப்பேசி எண் இவ்வளவும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். கூடவே அந்தத் தமிழ் நோட்டையும் கணக்கு நோட்டையும் கொடுத்தனுப்புங்கள். எங்கே விட்டதோ அங்கிருந்து எடுத்துக்கொள்வோம்.

மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது, தாமதிக்கவும் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 5 அப்படித்தான் சொல்கிறது. யாராவது மறுத்தால் அதைச் சொல்லுங்கள். எந்தச் சூளை, எந்த ஊர் என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், உங்கள் தலைமையாசிரியரே அந்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு போன் போட்டுவிடலாம். நாங்கள் பிள்ளையைத் தேடிப் போவோம். சூளை பள்ளியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும், லாரி போகும் மண் சாலை. சிறு பிள்ளைகள் தனியாக நடந்து வர முடியாது. வருகிறார்கள் என்று முன்பே தெரிந்தால் வண்டிக்கு ஏதாவது வழி செய்யலாம்.

---

மல்லிகைப்பந்தல் | 17 நவம்பர் 2024, இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

செம்மண் தம்பி எழுதியதைப் படித்த மறுநாளே ஆசிரியையிடம் போனேன். அவர் அதைத் தலைமையாசிரியருக்குப் படித்துக் காட்டினார். தலைமையாசிரியர் புடவை வரியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தீபாவளிக்குள் ஏழு வீட்டுக்கும் போய்விடலாம்" என்றார். கரும்பலகை டீச்சர் அம்மா சொன்னபடி முதல் முறை போனபோது எதையும் கேட்கவில்லை. அந்த மலர் பையன் வீட்டில் அவனுடைய ஜனவரி நோட்டுப் பக்கத்தை அவன் அம்மாவிடம் காட்டினோம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து நேராக இருப்பது தெரிந்தது. "இதை இவனா எழுதினான்?" என்று கேட்டாள். ஜூன் பக்கத்தை நாங்கள் காட்டவில்லை. அவளே திருப்பிப் பார்த்தாள்.

இரண்டாம் சுற்றில்தான் பேசினோம். காலையும் மதியமும் பள்ளி, இரவுக்கு மட்டும் ஏற்பாடு என்று எண்ணிச் சொன்னோம். எங்கள் ஊரில் காலை உணவு சமைப்பது எங்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். அவர்களில் ஒரு அக்கா கூடவே வந்து, "உன் பிள்ளை தட்டில் என்ன விழுகிறது என்று எனக்குத் தெரியும்" என்று சொன்னது எங்கள் பேச்சு எல்லாவற்றையும்விட எடுபட்டது.

மூன்று வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். ஐந்து பிள்ளைகள். மூன்று வீடும் ஒப்புக்கொண்டன. இன்னொரு வீட்டில் அத்தை இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளையும் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆக ஏழு பேர் இங்கேயே இருப்பார்கள். மாலையில் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராக இருக்கும் பெண் தன் வீட்டுத் திண்ணையில் ஏழு மணி வரை பிள்ளைகளை வைத்துக்கொள்வாள். அவள் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி, குழுவில் உறுப்பினர். ஐந்தாம் வகுப்பு முடித்து இந்தப் பள்ளியை விட்டுப் போன பிறகு யாரும் தன்னை ஒன்றுக்கும் கூப்பிட்டதில்லை என்றாள்.

ரேஷன் அட்டை விஷயம் தம்பி சொன்னது போலவே இருந்தது. இரண்டு பாட்டிகளின் பெயர் அட்டையில் இல்லை. ஒருவருக்கு மனு கொடுத்தாகிவிட்டது. இன்னொருவரின் ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருக்கிறது, அலைந்துகொண்டிருக்கிறோம். அதுவரை ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் தானியம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடலை போட்டவர்கள் கடலை, துவரை போட்டவர்கள் துவரை. எங்கள் வீட்டிலிருந்து வாரம் ஒரு நாள் குழம்பு.

மீதி நான்கு பேர் போகிறார்கள். இரண்டு வீட்டில் உண்மையாகவே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் சித்தி இருக்கிறாள், அவளுக்கே மூன்று பிள்ளைகள், முடியாது என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். போகிறவர்களில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவளுக்குப் பத்து மாதத் தம்பி. அவளை நிறுத்திவிட்டால் சூளையில் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தக் குழந்தை அவள் இடுப்பில்தான் இருந்தது. ஒரு பக்க இடுப்பு வலித்தால் பேச்சை விடாமலே மறு பக்கம் மாற்றிக்கொள்கிறாள். எட்டு வயது. அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன். ஆறாவது மணி ஐயா, அந்தக் குழந்தைக்கு உங்கள் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் ஏதாவது சூளைக்கு அருகில் இருக்குமா? குழந்தையை அங்கே விட முடிந்தால் அவள் பள்ளிக்கு வந்துவிடுவாள். சூளை இருக்கும் ஊரின் பெயரை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவிட்டேன், தனிச் செய்தியில் அனுப்புகிறேன். நான்கு பேருக்கும் அட்டை எழுதி உறை போட்டுவிட்டோம். உறையின் ஓரத்தை நானே மிஷினில் தைத்தேன், பிரிந்து போகாது.

நேர்வழி அண்ணா, நீங்கள் சொன்ன தீர்மானமும் போட்டோம். பதினோரு பெயர், மாதம், சூளை இருக்கும் பகுதி, பருவகால விடுதிக் கோரிக்கை எல்லாம் மேம்பாட்டுத் திட்டத்தில் முதல் வரியாக எழுதியிருக்கிறோம். சுற்றுச்சுவர் இரண்டாவது. பக்கத்து இரண்டு ஊர்க் குழுத் தலைவிகளிடமும் பேசினேன். ஒரு ஊரில் ஒன்பது, இன்னோர் ஊரில் பதினாறு பிள்ளைகள் இப்படிப் போகிறார்களாம். இதுவரை யாரும் அவர்களை எண்ணிப் பார்த்ததில்லை.

போன வியாழக்கிழமை இரவு பிள்ளையார் கோயில் முன்னால் முதல் கூட்டம் நடத்தினோம். 31 பேர் வந்தார்கள், குழுவில் இல்லாதவர்களும். மலர் பையன் தன் அப்பாவின் முன்பணச் சீட்டைக் கொண்டுவந்து படித்தான். மேஸ்திரியின் கையெழுத்தில் எழுதியது, புரிந்துகொள்வது கடினம். தொகையைப் படித்துவிட்டுத் தேதியையும் படித்தான். அடுத்த வரியில் "ஆள் 2" என்று இருந்தது. அதையும் சத்தமாகப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். போன ஆண்டுச் சீட்டில் "ஆள் 3" என்று இருந்ததாக அவன் அப்பா பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த கூட்டம் டிசம்பர் 12, வியாழன் இரவு 7 மணி. அந்த ஆதார் திருத்தத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். பாட்டியிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை, பள்ளிக்குப் போனதும் இல்லை.